நேத்து அனுப்பியிருந்தோம்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டரை மணி இருக்கும். வகுப்பு முடிந்து எல்லாரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் ஒரு காலில் செருப்பை மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். பல்லடம் பக்கத்து ஊர்க்காரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாரம் இரண்டு நாள் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து, கோவையில் என் வீட்டு மாடிக்கு இங்கிலீஷ் படிக்க வருகிறாள்.

"மிஸ், ஒரு மெயில் காட்டோணும். எங்க தப்புன்னே தெரியலீங்க."

செல்போனை நீட்டினாள். இங்கிலாந்து பையருக்கு அவள் எழுதியிருந்தது ஒரே வரி: 'வீ ஹேட் சென்ட் த சாம்பிள்ஸ் யெஸ்டர்டே.' அதற்கு அந்த மனிதர் மூன்று கேள்வி கேட்டுப் பதில் போட்டிருந்தார். அப்புறம் என்ன ஆச்சு? கூரியர் திரும்பி வந்துவிட்டதா? மறுபடியும் எப்போது அனுப்புவீர்கள்? சாம்பிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாக விமானம் ஏறிவிட்டது. அந்த 'ஹேட்' என்ற ஒரு சொல்தான் அவரைப் பதற வைத்திருக்கிறது.

"நேத்து அனுப்பியிருந்தோம்னுதானுங்க மிஸ் எழுதினேன்?"

சரியாகத்தான் சொன்னாள். தமிழில் யோசித்ததை ஒரு எழுத்துக்கூட விடாமல் இங்கிலீஷில் இறக்கி வைத்திருந்தாள். பதினெட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த மாதிரி வரிகளை ஆயிரக்கணக்கில் திருத்தியிருப்பேன். இவற்றைப் பிழை என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது எனக்கு வரவர முடியாத காரியமாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அடியில் தமிழ் இலக்கணம் தப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துக் காட்டாமல் திருத்தினால் அடுத்த வாரம் அதே வரி திரும்ப வருகிறது.

அவளை உட்கார வைத்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

"ஏங்கண்ணு, நேத்து உங்க வீட்டுக்கு ஒறம்பரை யாராச்சும் வந்தாங்களா?"

"மாமா வந்திருந்தாருங்க."

"இப்ப இருக்காரா?"

"இல்லீங்க, பொழுதோடவே கிளம்பிட்டாருங்க."

இதுதான் விஷயம். 'மாமா வந்தார்' என்று சொன்னால் அவர் இன்னும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கலாம். 'வந்திருந்தார்' என்றால் வந்தார், பேசினார், காபி குடித்தார், போய்விட்டார். வந்து இருந்த அந்த இருப்பு முடிந்துபோனது என்பதை 'இருந்தார்' சொல்லிவிடுகிறது. நேத்து, போன வாரம், நோம்பிக்கு என்று எந்தக் காலச் சொல்லோடும் அது சமாதானமாகப் போகும்.

இங்கிலீஷ் 'ஹேட்' அப்படி இல்லை. பார்த்தால் 'இருந்தார்' மாதிரியே தெரியும். அதற்கு வேலையே வேறு. நடந்துபோன ஒரு விஷயத்தைக் காட்டி, அதற்கும் முன்னாடி இன்னொன்று நடந்தது என்று சொல்வதற்காக வருகிற சொல் அது. போர்டில் ஒரு கோடு போட்டேன். நான் உக்கடம் போறதுக்குள்ள பொள்ளாச்சி பஸ் போயிருச்சு. இதை இங்கிலீஷில் 'பை த டைம் ஐ ரீச்ட் உக்கடம், த பஸ் ஹேட் லெஃப்ட்' என்பார்கள். கோட்டில் மூன்று புள்ளி வைக்க வேண்டும். பஸ் போனது ஒன்று, நான் உக்கடத்தில் வந்து நின்றது ஒன்று, இப்போது இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்று.

இந்த மூன்று புள்ளிக் கணக்கை அழகாக எழுதி வைத்தவர் ஹான்ஸ் ரைஹன்பாக். ஜெர்மனியில் பிறந்து பிற்பாடு அமெரிக்காவில் பாடம் சொன்ன தத்துவவாதி. 1947-இல் வந்த அவருடைய தர்க்கவியல் புத்தகத்தில் இது இருக்கிறது. விஷயம் நடந்த நேரம், பேசுகிற நேரம், இரண்டையும் தாண்டி நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்கிற நேரம். இந்த மூன்றாவதுதான் நம் பள்ளிக்கூட அட்டவணையில் காணாமல் போய்விட்டது. 'ஹேட்' என்று எழுதினால், பார்க்கிற இடம் இறந்த காலத்துக்குள் எங்கேயோ இருக்கிறது என்று படிக்கிறவர் தேட ஆரம்பிக்கிறார். எதற்கு முன்னாடி அனுப்பியிருந்தார்கள்? பாவம், அந்த பையர் தேடினார், கிடைக்கவில்லை, கூரியர் திரும்பி வந்திருக்கும் என்று அவராகவே ஒன்றை இட்டு நிரப்பிக்கொண்டார்.

உக்கடம் வரியில் இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் 'போறதுக்குள்ள' என்ற ஒரு சொல்லே முன்பின்னை முழுசாகச் சொல்லிவிட்டதால், வினை 'போயிருச்சு' என்று சாதாரணமாக நின்றுகொள்கிறது. ஆக, 'ஹேட்' வேண்டிய இடத்தில் நமக்கு அது தோன்றுவதில்லை. வேண்டாத இடத்தில் 'வந்திருந்தார்', 'அனுப்பியிருந்தோம்' என்று அதுவாகவே வந்து நிற்கிறது. இந்த ஒரே விஷயத்தை ஒரு முழு வகுப்பு எடுத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

நாங்களெல்லாம் படித்த காலத்தில் பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணை ஒன்றைத் தலைகீழாக ஒப்பிக்கச் சொன்னார்கள். மேலே மூன்று காலம், பக்கவாட்டில் நான்கு வகை. வீட்டில் ஒரு ரென் அண்ட் மார்ட்டின் புத்தகமும் இருக்கும். இந்தியப் பள்ளிகளுக்காக 1930-களில் வந்த புத்தகம். எழுதிய இருவரில் ரென், 1924-இல் வந்த 'போ ஜெஸ்ட்' நாவலின் ஆசிரியர். காலச் சொல்லுக்கும் வினைக்கும் உள்ள உறவு அந்தப் புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. நாம் அட்டவணையை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, யெஸ்டர்டே எந்தக் கட்டத்துக்குள் போகும், எதற்குள் போகாது என்பதை விட்டுவிட்டோம். என் வகுப்பில் நான் காலச் சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். முதல் நாளே நேத்து, இன்னைக்கு, ரெண்டு நாளா, இன்னும், அதுக்குள்ள என்று எழுதிப் போட்டுவிடுவேன். வினை அப்புறம் வரட்டும்.

அடுத்தது 'போயிருக்கேன்'. இது இன்னும் ருசியான இடம்.

2019-ல் சிங்கப்பூர் போயிருக்கேன். தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. இதையே 'ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர் இன் ட்வென்டி நைன்டீன்' என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். இரண்டு மொழியின் கட்டுமானமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'போயிருக்கிறேன்' என்ற சொல்லைப் பிரித்தால் நடுவில் கிறு உட்கார்ந்திருக்கும், நிகழ்கால இடைநிலை. 'ஹேவ் கான்' என்பதிலும் 'ஹேவ்' நிகழ்காலம்தான். போன காரியம் பழையது, அதன் கணக்கு இன்றைக்கு என் கையில் இருக்கிறது என்றுதான் இரண்டும் சொல்கின்றன. வித்தியாசம் ஒரே இடத்தில். தமிழ் அந்த வாக்கியத்தில் வருஷத்தையும் தேதியையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறது. முடிந்துபோன நேரத்தைக் காட்டும் எந்தச் சொல்லையும் இங்கிலீஷ் 'ஹேவ்' பக்கத்தில் அண்டவிடாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் ட்வென்டி நைன்டீன், டூ இயர்ஸ் அகோ, இவற்றில் ஒன்று வந்துவிட்டால் 'ஐ வென்ட்' என்று எளிய இறந்த காலத்துக்கு இறங்கிவிட வேண்டும்.

ஏன் இப்படி என்று கேட்டால் இங்கிலீஷ்காரர்களாலேயே சுலபமாகச் சொல்ல முடியாது. மொழியியலாளர்களுக்கு இது ஒரு புதிர். வோல்ஃப்காங் க்ளைன் என்கிற ஜெர்மானியர் 1992-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே புதிர் என்ற சொல் இருக்கிறது. இதைக் கேட்டால் என் மாணவர்களுக்கு ஒரு தெம்பு வரும், அதனால் தவறாமல் சொல்வேன். ஜெர்மன் மொழியில் 'நேற்று' என்ற சொல்லோடு அவர்களுடைய 'ஹேவ்' தாராளமாக வரும். பிரெஞ்சிலும் வரும். திருப்பூருக்கு மெயில் போடுகிற ஜெர்மன் பையர் 'ஐ ஹேவ் சென்ட் த பேமென்ட் யெஸ்டர்டே' என்று எழுதினால் அவரும் தன் தாய்மொழியில் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். இந்த விஷயத்தில் இங்கிலீஷ்தான் கண்டிப்புக்காரி; தமிழும் ஜெர்மனும் பிரெஞ்சும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன.

சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு குழப்பம். 'ஐ ஆல்ரெடி சென்ட் இட்' என்று அமெரிக்க கிளையன்ட் சொல்வதைக் கேட்கிறார்கள். 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்' என்று நான் சொல்லித் தருகிறேன். யார் சொல்வது சரி என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டும் சரி. ஆல்ரெடி, ஜஸ்ட், யெட் இந்த மூன்றோடு அமெரிக்கப் பேச்சில் எளிய இறந்த காலம் சகஜம். பிரிட்டிஷ் பழக்கத்தில் 'ஹேவ்' அதிகம். யெஸ்டர்டே வந்துவிட்டால் மட்டும் இரண்டு நாட்டாரும் ஒரே பேச்சு.

லீவ் லெட்டரை மறக்க முடியுமா? 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தமிழ்நாட்டில் எழுதாத பிள்ளை உண்டா? அந்த வரியில் பிழை இல்லை. பிள்ளைகள் அதோடு 'சின்ஸ் டூ டேஸ்' என்று சேர்க்கும்போதுதான் உடைகிறது. ரெண்டு நாளா காய்ச்சல் அடிக்குது. நம் பேச்சில் 'நாளா' என்பதில் இருக்கும் 'ஆ' ஒன்றே போதும், அன்றைக்கு ஆரம்பித்து இன்றைக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். வினைக்கு மிச்ச வேலை இல்லை. 'அடிக்குது' என்று நிகழ்காலத்தில் நின்றால் போதும். இங்கிலீஷில் அந்த இழுப்பைக் காலச் சொல் மட்டும் சுமக்காது, வினையும் ஒரு கை பிடிக்க வேண்டும். 'ஐ ஹேவ் பீன் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஃபார் டூ டேஸ்.' நாள் கணக்குக்கு ஃபார், ஆரம்பித்த கிழமைக்கு சின்ஸ். இதைப் புரிய வைக்க நான் 'ரெண்டு நாளா', 'திங்கக்கெழமையில இருந்து' என்று இரண்டையும் சத்தமாகச் சொல்லச் சொல்வேன். 'ஆ' வந்தால் ஃபார், 'இருந்து' வந்தால் சின்ஸ். இதுவரைக்கும் யாரும் மறந்ததில்லை.

கணபதியில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பையன், ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய்விட்டு முகம் வாடி வந்தான். தினமும் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்களாம். இவன் 'ஐ வில் கம் அட் எய்ட். ஐ வில் செக் த ஷாஃப்ட். ஐ வில் ரைட் த ரிப்போர்ட்' என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறான். எதிரே இருந்தவர், எங்களிடம் சேர்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்கவில்லை, இப்போது என்ன செய்கிறாய் என்றுதான் கேட்டேன் என்றாராம். பையனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

எட்டு மணிக்கு வருவேன், ஷாஃப்ட் செக் பண்ணுவேன், ரிப்போர்ட் எழுதுவேன். தினமும் நடப்பதைச் சொல்ல தமிழில் இதைவிட இயல்பான வடிவம் இல்லை. வருவேன் என்பதில் உள்ள வ் எதிர்கால இடைநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் பழக்கத்தைச் சொல்லும் வேலையும் அதனுடையதுதான். சூரியன் கிழக்கே உதிக்கும், சிறுவாணித் தண்ணி இனிக்கும், சேரன் எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பும். 'செய்யும்' என்கிற அந்த வடிவம் நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொது என்று நன்னூலே சொல்கிறது. இங்கிலீஷ் 'வில்' அந்தச் சுமையை இப்படி எடுத்துக்கொள்ளாது. எவ்ரி டே என்று காலச் சொல் போட்டால் 'ஐ கம் அட் எய்ட்', அவ்வளவுதான்.

நன்னூல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இலக்கணம் பேசுகிறவர்கள் பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்தை மறக்கக் கூடாது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அந்த ஊர்க்காரர் என்பது கொங்கு நாட்டார் நம்பிக்கை. நன்னூல் பாயிரம் சொல்லும் சனகை என்ற ஊர் மைசூர்ப் பக்கம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொள்ள எழுதினார் என்பதில் தகராறு இல்லை. எண்ணூறு வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜயமங்கலம் சமணக் கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே சீனாபுரமும் போய்வந்தேன். வழியெல்லாம் அவருடைய கால இடைநிலைகளையே நினைத்துக்கொண்டு போனேன். இறந்த காலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு. எதிர்காலத்துக்கு ப், வ். எவ்வளவு சிக்கனம்!

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் கொடுத்த விலக்கு. காலம் மாறி வந்தாலும் பிழையில்லை என்று நான்கு இடங்களைச் சொல்கிறார்: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. விரைவுக்கு உதாரணம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. வாசலில் நண்பன் ஹாரன் அடிக்கிறான். உள்ளே இட்லி பாதி தட்டில் இருக்கிறது. 'இதோ வந்துட்டேன்!' என்று குரல் கொடுக்கிறோம். இன்னும் கைகூடக் கழுவவில்லை. இதே மாதிரி சோறு தின்றுகொண்டிருக்கும்போதே வந்துவிட்டேன் என்கிறவனைத் தொல்காப்பிய உரைகாரர்களே காட்டியிருக்கிறார்கள். தெளிவுக்கு, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதைப் பார்த்து 'மழை பெய்தது' என்று சொல்லிவிடுவது. இங்கிலீஷ்காரர் அதே வாசலில் 'ஐ ஆம் கமிங்' என்பார். அவர் நிகழ்காலத்தில் எதிர்காலத்தைச் சொல்கிறார், நாம் இறந்த காலத்தில் சொல்கிறோம். காலம் தாண்டுவது இரண்டு மொழிக்கும் தெரிந்த வித்தைதான். 'நாளைக்கு வர்றனுங்க' என்கிறோமே, 'ஐ ஆம் கமிங் டுமாரோ' அச்சு அசல் அதுதான்.

இன்னொரு இடத்தில் தமிழும் இங்கிலீஷும் கைகோத்து நிற்கின்றன. இதைக் காட்டினால் வகுப்பில் ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். 'வென் த ரெய்ன் வில் ஸ்டாப், ஐ வில் ஸ்டார்ட்' என்று எழுதுவது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பழக்கம். வென் பக்கத்தில் வில் வராது என்று விதி சொன்னால் தலையாட்டிவிட்டு மறுநாள் மறந்துவிடுவார்கள். நான் தமிழில் கேட்பேன். மழை நின்னதும் கிளம்பறேன் என்கிறோம். மழை இன்னும் நிற்கவில்லை; ஆனாலும் 'நின்ன' என்று இறந்த கால வடிவம். மழை நின்னா, பஸ் வந்தா, சம்பளம் போட்டா, எல்லாமே இனிமேல் நடக்கப்போவது, எல்லாமே இறந்த கால அடி. 'நிற்பதும் கிளம்பறேன்' என்று யாராவது சொல்வோமா? அந்த இடத்தில் எதிர்கால இடைநிலை வராது என்பது நாம் பால் குடிக்கும்போதே கற்றுக்கொண்ட விதி. இங்கிலீஷும் அதே இடத்தில் எதிர்காலத்தைக் கழற்றிவிட்டு 'வென் த ரெய்ன் ஸ்டாப்ஸ்' என்கிறது. கிளம்புகிற வினை காலத்தைச் சொல்லிவிடுவதால், நிற்கிற வினை அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஃபவுண்டரிகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வடநாட்டுப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு இரண்டு வார்த்தை இந்தி பேசக் கற்ற சூபர்வைசர் ஒருவர் என்னிடம் ஆச்சரியப்பட்டார். 'கல்' என்றால் நேத்தா நாளைக்கா என்று கேட்டால் ரெண்டும்தான் என்கிறார்களே, எப்படித்தான் வேலை நடக்கிறது? 'பர்சோன்' என்றாலும் அப்படித்தான், முந்தாநாளும் அதுவே, நாளானிக்கும் அதுவே. அங்கே காலச் சொல் தூரத்தை மட்டும் சொல்கிறது, எந்தப் பக்கம் என்பதை வினை சொல்லிவிடுகிறது. சீன மொழியில் நேர்மாறு. வினை காலத்துக்கு வடிவம் மாறுவதே இல்லை. நேற்று என்று சொன்னால்தான் அது நேற்று. ஒவ்வொரு மொழியும் காலச் சொல்லுக்கும் வினைக்கும் வேலையைத் தன் வழியில் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இங்கிலீஷ் இரண்டு பேரையும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிற மொழி. அந்தப் பங்கீட்டைக் காட்டாமல் பன்னிரண்டு கட்டத்தை மனப்பாடம் செய்ய வைப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பல்லடத்துப் பெண் அன்றைக்கு ராத்திரியே 'வீ சென்ட் த சாம்பிள்ஸ் யெஸ்டர்டே' என்று திருத்தி அனுப்பினாள். பையர் நன்றி சொல்லி ஒரு வரி போட்டார். போன வெள்ளிக்கிழமை வேலை நேரத்தில் போன் செய்தாள். பின்னால் செக்கிங் டேபிளில் யாரோ பீஸ் எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"மிஸ், நானூறு பீஸ் பேக்கிங் முடிச்சுட்டோம்னு சொல்லோணும். திஸ் மார்னிங் போட்டு எழுதறேன். வீ ஹேவ் பேக்ட்னு வருமுங்களா, வீ பேக்ட்னு வருமுங்களா?"

"அங்க மணி என்ன கண்ணு?"

"பதினொன்னே முக்காலுங்க."

"அப்ப காலை இன்னும் முடியல. ஹேவ் போடலாம். சாப்பாட்டு மணி அடிச்சதுக்கப்புறம் எழுதினீன்னா அதை எடுத்துரோணும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சிரிக்கிற சத்தம்.

"இருங்க மிஸ், மணி அடிக்கறதுக்குள்ள அனுப்பிர்றேன்."